கிளாஸ்கோ பப்பில் யார் எங்கே நிற்பார்கள்?

செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் படிக்க வரப்போகிறீர்கள். அங்கே பப் என்றால் எப்படி இருக்கும், தினமும் அதே ஆட்கள்தான் இருப்பார்களாமே, அவர்கள் யார், குடிப்பழக்கம் இல்லாதவன் உள்ளே போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சோடா லைம் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கலாம். 19 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். முதல் 3 வருடம் நான் சோடா லைமோடுதான் நின்றேன். மற்றக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இங்கே ஒரு பழைய பப்பின் குணத்தைப் புரிந்துகொள்ள, அங்கே என்ன விற்கிறார்கள் என்று பார்த்தால் போதாது. அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டடத்துக்குள் தினமும் யார் எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ட்ரூரி தெரு என்று ஒரு குறுகலான சந்து. அங்கே ஹார்ஸ்ஷூ பார் இருக்கிறது. பெயருக்கேற்ற மாதிரி கவுன்டர் குதிரை லாட வடிவில் அறையின் நடுவே நீண்டு கிடக்கும். மொத்த நீளம் 104 அடிக்குச் சற்று மேல். பிரிட்டனிலேயே நீளமான கவுன்டர் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கவுன்டருக்குள்ளே, நடுவில், வேலைப்பாடு மிகுந்த மர அலமாரி உயர்ந்து நிற்கும். புட்டிகள் எல்லாம் அதில்தான். இங்கே அதற்குப் பெயர் கேன்ட்ரி. பழைய பப்புகளை ஆசையோடு தேடிப் பார்க்கிறவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்ப்பது கேன்ட்ரியைத்தான். ஆற்றுக்குத் தெற்கே பிரிட்ஜ் தெருவில் இருக்கிற லாரிஸ்டனில் இவ்வளவு ஆடம்பரம் கிடையாது. 1960-களில் செய்த உள்ளலங்காரம், ஃபார்மைக்கா பலகை போட்ட மேசைகள், கவுன்டர்மேல், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் சூடாகிக்கொண்டிருக்கிற கண்ணாடிப் பெட்டி. ஆனால் அங்கேயும் கவுன்டர் நடுவில்தான்.

ஏன் நடுவில்? இதற்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் மதுவிலக்கு இயக்கம் மிக வலுவாக இருந்தது. 1853இல் வந்த ஃபோர்ப்ஸ் மெக்கன்சி சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பப்புகளை மூட வைத்தது. மற்ற நாட்களில் இரவு 11 மணிக்குக் கடையைக் கட்டச் சொன்னது. 1913இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, ஒரு பகுதியின் மக்கள் வாக்களித்து எங்கள் பகுதியில் மதுக்கடையே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். கிளாஸ்கோவை அடுத்த கிர்க்கின்டிலாக் அப்படி முடிவெடுத்து, 1920-களின் தொடக்கத்திலிருந்து 1960-களின் பிற்பகுதி வரை பப் இல்லாத ஊராகவே இருந்தது. இந்தச் சூழலில் உரிமம் வழங்குகிற நகர மாஜிஸ்திரேட்டுகளுக்குத் தடுப்பு, சிற்றறை, மறைவான மூலை எதுவும் பிடிக்கவில்லை. மறைவில் யார் எவ்வளவு குடிக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? எல்லாம் பார்வைக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் இந்த நகரத்தில் ஒரே பெரிய அறை, நடுவில் தீவு மாதிரிக் கவுன்டர், உள்ளே நிற்கிறவர் ஒரு சுற்று திரும்பினால் எல்லா முகமும் தெரிகிற அமைப்பு என்று வேரூன்றிவிட்டது.

குடிப்பவர்களைக் கண்காணிக்க வந்த இந்த அமைப்பு வேறு ஒரு காரியத்தையும் செய்துவிட்டது. கவுன்டர் சுவரோரமாக இருந்தால், தனியாக வந்தவர் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவருக்குப் பின்னால் ஊர் பேசிக்கொண்டிருக்கும். கவுன்டர் நடுவில் இருந்தால் அவருக்கு எதிரே, பத்தடி தூரத்தில், இன்னொருவர் முகம். அவரும் தனியாக வந்தவராக இருக்கலாம். இருவரும் பேச வேண்டியதில்லை. ஒரு தலையசைப்பு போதும். பேசுவதற்கு ஏதாவது வந்தால் கவுன்டருக்குக் குறுக்கே ஒரு வாக்கியம் பறக்கும், நடுவில் நிற்கிற பார்காரர் அதில் ஒன்றைச் சேர்ப்பார், மூன்றாவது பக்கத்திலிருந்து ஒருவர் மறுப்பார். 12 பேர் தனித்தனியாக வந்து, தனித்தனியாக நின்று, ஒரே பேச்சில் இருப்பார்கள். இதை நான் வேறெந்த ஊரிலும் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

இப்போது ஆட்கள். நான் போகிற பப்பில் மாலை நாலரைக்கு ஒருவர் வருவார். கோவன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பதை நெருங்குகிறார். கதவின் மேல்பாதி செதுக்குக் கண்ணாடி. அதில் அவர் தொப்பியின் நிழல் தெரிந்ததுமே பார்காரர் ஒரு சின்னக் கிளாஸில் விஸ்கியை ஊற்றிவிட்டு, அரை பைன்ட் (கால் லிட்டருக்குச் சற்று மேல்) பியருக்குக் குழாயைத் திறப்பார். பெரியவர் தன் இடத்துக்கு, கவுன்டரின் இடது வளைவுக்கு, வந்து சேரும்போது இரண்டும் அங்கே இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கவுன்டர்மேல் வைப்பார். விஸ்கியை, கவுன்டரிலேயே பொருத்தியிருக்கிற பித்தளைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நீட்டி, குழாயைச் சொட்டு விழுகிற அளவுக்கு மட்டும் திருப்புவார். மூன்று சொட்டு; நான்காவது விழுந்து நான் பார்த்ததில்லை. பிறகு செய்தித்தாளை நாலாக மடித்து, பந்தயக் கடையில் கொடுக்கிற குட்டைப் பேனாவால் குறுக்கெழுத்தை ஆரம்பிப்பார். விஸ்கியில் ஒரு வாய், பியரில் ஒரு வாய். 6 மணிக்குத் தொப்பி மறுபடி தலைக்கு ஏறும்.

அவர் குடிக்கிற ஜோடிக்கு இங்கே பெயர் 'ஹாஃப் அண்ட் எ ஹாஃப்'. ஒரு சின்ன விஸ்கி, கூடவே அரை பைன்ட் பியர். கிளாஸ்கோ தொழிலாளிகளின் பானம் என்றால் தலைமுறைகளாக இதுதான். முன்பு விஸ்கியை 'கில்' என்ற அளவில் ஊற்றினார்கள். ஒரு கில் ஏறக்குறைய 142 மில்லி. இங்கிலாந்தில் ஆறில் ஒரு பங்கு ஊற்றினால் இங்கே பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் நாலில் ஒரு பங்கு. 1995 முதல் 25 அல்லது 35 மில்லி. எந்த அளவு என்பதைப் பப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். பியரில் 'ஹெவி', 'எக்ஸ்போர்ட்', 'எய்ட்டி ஷில்லிங்' என்றெல்லாம் கேட்பது காதில் விழும். ஷில்லிங் கணக்கு, பீப்பாய்க்கு 19ஆம் நூற்றாண்டில் சொன்ன விலையிலிருந்து வந்தது. கனம் கூடக் கூட ஷில்லிங் கூடும். இளையவர்கள் கையில் அநேகமாக டெனன்ட்ஸ் லாகர்தான் இருக்கும். நகரின் கிழக்கே வெல்பார்க் ஆலையில் 1885 முதல் அந்த லாகரைக் காய்ச்சுகிறார்கள். தெருவில் நடக்கும்போது தலைக்கு மேலே சிவப்பு 'டி' எழுத்துப் பலகை தொங்கினால் அது பப் என்று தெரிந்துகொள்ளலாம். உங்களுக்கு ஐயர்ன் புரூ என்ற குளிர்பானம் இருக்கிறது. ஆரஞ்சு நிறம், இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர். வயதானவர்கள் குமிழி விடுகிற எந்தக் குளிர்பானத்தையும் 'ஜிஞ்சர்' என்பார்கள், இஞ்சியை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

முறைகள் சில உண்டு. யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கவுன்டருக்குப் போக வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பார்காரர் உங்களைத் தவறுதலாக முதலில் கேட்டால், 'அவர்தான் முதலில்' என்று கைகாட்டுங்கள். இந்த ஒரு கைகாட்டலுக்கு இங்கே கிடைக்கிற மரியாதை அதிகம். காசை ஆட்டிக் கூப்பிடுவது, விரல் சொடுக்குவது கூடவே கூடாது. கூட்டமாகப் போனால் ஒவ்வொருவரும் தங்கள் முறைக்கு எல்லோருக்கும் வாங்குவார்கள். முறை யாருடையது என்பதற்கு 'யார் பெல்லில் இருக்கிறார்?' என்று கேட்பார்கள். 'என் பெல்' என்றால் இந்தச் சுற்று என்னுடையது என்று அர்த்தம். மாணவருக்கு இது கட்டுப்படியாகாது. 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர் செலவில் நாலு கிளாஸ் குடித்துவிட்டு, தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவரைத்தான் மறக்க மாட்டார்கள். எங்கள் பப்பில் அப்படி ஒருவரைப் பற்றி, அவர் வேறு ஊருக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆன பின்னும் பேசுகிறார்கள்.

பேச்சுக்கு இங்கே 'பேட்டர்' என்று பெயர். வேகமாக, சீண்டலாக இருக்கும். கிளாஸ்கோக்காரர் உங்களைக் கிண்டல் செய்தால் உங்களை ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிகவும் மரியாதையாகப் பேசினால்தான் இன்னும் தள்ளி வைத்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டு மறுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். நீங்கள் மட்டும் யாரையும் எந்தக் கால்பந்து அணி என்று கேட்காதீர்கள். செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டுக்கும் பின்னால் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற பழைய பிளவு இருக்கிறது. பல பப்புகளின் வாசலில் அணி நிறச் சட்டைகளுக்கு அனுமதி இல்லை என்று பலகையே இருக்கும். அப்படிப் பலகை வைத்த பப்பில்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கவுன்டரில் நிற்பதைப் பார்க்கலாம்.

எங்கள் பப்பில் வியாழக்கிழமை தோறும் ஒரு அம்மா வருவார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜன்னலோர மேசை அவருடையது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை சம்பள நாளில், அப்பாவைக் கூட்டிவர இவரைத்தான் அம்மா அனுப்புவாராம். பப் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒரு அடி வைக்கக் கூடாது. வாசலில் நின்று அப்பா பெயரைச் சொன்னால், உள்ளே ஒருவருக்கொருவர் அந்தப் பெயரைக் கைமாற்றிக் கடைசியில் அவரிடம் சேர்ப்பார்களாம். பெண்கள் விஷயத்தில் ஸ்காட்டிஷ் பப்புக்கு நல்ல வரலாறு இல்லை, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அபர்டீனில் யூனியன் தெருவில் தி கிரில் என்ற பப்பில் பெண்களுக்கு இடமில்லை என்று இருந்தது. 1973இல் அந்த ஊரில் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்த பெண் பிரதிநிதிகள் கூட்டமாக அதற்குள் புகுந்து போராடினார்கள். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அந்தப் பப்பில் பெண்களுக்குக் கழிப்பறை வந்ததோ 1998இல். எங்கள் வியாழக்கிழமை அம்மா, தன் அப்பா நின்ற அதே பப்பில் இன்று உட்கார்ந்து ஜின் குடிக்கிறார். அந்த மேசையில் உட்காரும்போது அவர் முகத்தில் தெரிகிற திருப்தியை நீங்கள் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு காலத்தில் பப்பைக் கெடுத்தது. 1970-களின் நடுப்பகுதி வரை மதியம் மூடித் திறந்து, இரவு 10 மணிக்கு மூடிவிட வேண்டும். வேலை முடிந்து வந்தவர்கள் மணியைப் பார்த்துப் பார்த்து அவசரமாக விழுங்கினார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று கிளாஸை வரிசையாக வைத்துக் குடித்துவிட்டுத் தெருவில் விழுவதை நாலரை மணிப் பெரியவரே சொல்லியிருக்கிறார். மது உரிமச் சட்டங்களை ஆராய்ந்த கிளேசன் குழு 1973இல் அறிக்கை கொடுத்தது. 1976 சட்டம் இறுக்கத்தைத் தளர்த்தியது. ஞாயிறும் பப் திறந்தது, பிற்பகல் முழுக்கத் திறந்து வைக்க அனுமதி கிடைத்தது. இங்கிலாந்துக்கு அது 1988இல்தான் வந்தது. நிதானமாக ஒரு கிளாஸை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுகிற மனிதர் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் சாத்தியமானார். 2006 மார்ச் 26 முதல் உள்ளே புகைபிடிக்கவும் முடியாது; பிரிட்டனில் முதலில் செய்தது ஸ்காட்லாந்துதான்.

எடின்பரோவுக்கும் ஒருநாள் போய்ப் பாருங்கள். அங்கே பப்புகளின் தோரணை வேறு. கஃபே ராயல் இருப்பது 1863ஆம் வருடத்துக் கட்டடத்தில், சுவரில் ஜேம்ஸ் வாட், ஃபாரடே போன்றவர்களைக் காட்டும், டோல்டன் நிறுவனம் செய்த பெரிய பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள். ரோஸ் தெருவில் ஆபட்ஸ்ஃபோர்டும் அதன் அருகே மில்ன்ஸ் பாரும் ஹியூ மெக்டயர்மிட், நார்மன் மெக்கேக் முதலிய கவிஞர்கள் கூடிய இடங்கள். அவர்களை ஒரே மேசையைச் சுற்றி வைத்து அலெக்சாண்டர் மொஃபட் 1980இல் வரைந்த ஓவியம் அங்குள்ள தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது மேற்கே இருக்கிற அத்லெட்டிக் ஆர்ம்ஸ். 1897இல் திறந்த பப். அக்கம்பக்கத்தில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். குழி வெட்டுகிறவர்கள் வேலை முடிந்து மண் ஒட்டிய பூட்ஸோடு வந்து நின்றார்கள். அதனால் ஊரே அதை 'டிகர்ஸ்' என்றுதான் சொல்கிறது, 'வெட்டுகிறவர்கள்' என்று. வாசலில் எழுதியிருந்த பெயர் நிற்கவில்லை, உள்ளே நின்றவர்களின் பெயர்தான் நின்றது.

குடியின் கெடுதலைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்ததாகாது. 2023இல் மட்டும் ஸ்காட்லாந்தில் மதுவால் நேரடியாக இறந்தவர்கள் 1,277 பேர். 2018 மே மாதம் அரசு மதுவின் ஒரு யூனிட்டுக்கு (10 மில்லி தூய ஆல்கஹால்) குறைந்தபட்ச விலை 50 பென்ஸ் என்று வைத்தது, 2024 செப்டம்பர் 30 முதல் அது 65 பென்ஸ். ஆனால் இங்கே விற்கிற மதுவில் பெரும்பங்கு பப்பில் விற்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான். வீட்டில் தனியாகக் குடிக்கிறவரை 'போதும், இன்றைக்கு இத்தோடு' என்று சொல்ல ஆள் கிடையாது. போதையில் இருப்பவருக்கு ஊற்றிக் கொடுப்பது சட்டப்படியே குற்றம் என்பதால் பார்காரர் சொல்வார். எங்கள் பார்காரர் அதை எப்படிச் சொல்வார் தெரியுமா? கிளாஸை எடுத்துக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அந்த இடத்தில் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இதனால் பப் மருந்து என்று சொல்லவரவில்லை. நான் பார்த்த இரண்டு பேரைக் குடி கொண்டுபோயிருக்கிறது, இருவரும் அந்தக் கவுன்டரில் நின்றவர்கள்தான். ஆனால் ஒருவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்ததும் அந்தக் கவுன்டர்தான்.

ஸ்டாக்வெல் தெருவில் ஆற்றங்கரையை ஒட்டி கிளூதா என்று ஒரு பப் உண்டு. கிளைடு ஆற்றின் பழைய பெயர் அது. 2013 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு, உள்ளே இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் ஹெலிகாப்டர் கூரைமேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த 3 பேர், பப்பில் இருந்த 7 பேர் இறந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வருமுன்பே, தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் வாசலிலிருந்து சங்கிலியாக நின்று காயம்பட்டவர்களைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2015 ஜூலையில் அந்தப் பப் மறுபடி திறந்தது. இன்றும் அங்கே பாட்டு நடக்கிறது. நீங்கள் போனால் வெளிச்சுவரைப் பாருங்கள், பிறகு உள்ளே போங்கள்.

நாலரை மணிப் பெரியவரை விட்டுவிட்டேன். இரண்டு வருடம் முன்பு ஒரு பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. நாலே முக்காலுக்குப் பார்காரர், அன்று அவர் வருமுன்பே ஊற்றி வைத்த பியரைக் கவுன்டரில் பார்த்தார், நுரை அடங்கிவிட்டிருந்தது. ஐந்து மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தபால்காரர் ஒருவர் 'அவர் வரலையா?' என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. தபால்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு அந்தப் பக்கத்து வாசல் எண்கள் எல்லாம் மனப்பாடம். பெரியவர் வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, காலையிலிருந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறார். மனைவி இறந்து பல வருடம், பிள்ளை கனடாவில். ஆம்புலன்ஸ் வரும்வரை தபால்காரர் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 19 வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றவர்கள்.

மே மாதம் அவர் கைத்தடியோடு திரும்பி வந்தார். எங்கள் பப்பில் கவுன்டரோரம் ஸ்டூல் போடும் வழக்கமே இல்லை. நிற்க முடியாதவர்கள் மேசைக்குப் போவார்கள். அன்று இடது வளைவில் ஒரு ஸ்டூல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்காரரைப் பார்த்தார், 'இதை எவன் இங்கே விட்டுட்டுப் போனான்?' என்று திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் மூன்று சொட்டு.

வரும்போது பாஸ்போர்ட்டோ வயதைக் காட்டுகிற அட்டையோ கையில் இருக்கட்டும். 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் கேட்டே ஆக வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள், நான் கூட்டிப் போகிறேன். அந்த ஸ்டூலில் மற்ற நேரத்தில் நீங்கள் தாராளமாக உட்காரலாம். நாலரையிலிருந்து ஆறு வரை மட்டும் வேண்டாம்.